காலிப்பருக்கு நிறம் பூசும் முன் அதைத் திறந்து பாருங்கள்

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட். அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் பிரேக் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்னும் தட்டை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்) துருவேறிப் பழுப்பாகத் தெரிகிறதாம். அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்க ஆசை. வீட்டிலேயே செய்யலாமா, எந்த பெயிண்ட் வாங்குவது, நான்கு சக்கரங்களுக்கும் அடிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: பிரேக் அழுத்தினால் வண்டி சற்று வலப்பக்கம் இழுக்கிறது, இடது முன்சக்கரத்தில் உள்பக்க பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருப்பதாகச் சென்ற சர்வீஸில் மெக்கானிக் சொன்னார்.

வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கடைசி வரிக்குத்தான். வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்றால் இடப்பக்க பிரேக் முழுப் பலத்துடன் பிடிக்கவில்லை. உள் பேடு மட்டும் தேய்கிறது என்றால் வெளிப் பேடுக்கு வேலையே போய்ச் சேரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலிப்பர் இறுகத் தொடங்கிவிட்டது என்றே நான் கணிப்பேன். எப்படியும் பெயிண்ட் அடிப்பதற்காக அதைக் கழற்றத்தான் போகிறீர்கள். கழற்றிய கையோடு பழுதையும் பாருங்கள். வேலையில் முக்கால் பங்கு அதுதான். நிறம் பூசுவது கடைசிக் கால் பங்கு.

உங்கள் காரின் முன்சக்கரங்களில் இருப்பது மிதக்கும் வகைக் காலிப்பர். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் ஒரு பிராக்கெட் இரண்டு பெரிய போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். காலிப்பரின் உடல் அந்த பிராக்கெட்டின் மேல் இரண்டு கைடு பின்களில் வழுக்கி நகரும். பிஸ்டன் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உள்பக்கத்தில். பெடலை மிதிக்கும்போது குழாய் வழியே வரும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் பிஸ்டன் உள் பேடை டிஸ்க் மீது தள்ளும்; அந்தத் தள்ளலின் எதிர்விசையில் காலிப்பர் உடல் உள்பக்கமாக நகர்ந்து வெளிப் பேடை இழுத்து டிஸ்க்கின் மறுமுகத்தில் அழுத்தும். பின்கள் வழுக்கினால்தான் இது நடக்கும். அவை துருப்பிடித்தோ, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால் உள் பேடு தனியாளாகப் பாடுபட்டுத் தேய்ந்துபோகும். ஒரு பின் மட்டும் இறுகியிருந்தால் பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். பேடைக் கையில் எடுத்துப் பார்த்தாலே காலிப்பரின் உடல்நிலை பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதி பிஸ்டனில் இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது என்று பலர் யோசிப்பதில்லை. அதை இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அந்தச் சீல் அதைப் பற்றிக்கொண்டு சற்று முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவு பின்னுக்கு இழுத்துவரும். பேடு தேயத் தேயப் பிஸ்டன் சீலைத் தாண்டி வழுக்கி முன்னே வந்து நின்றுகொள்ளும். எண்ணெயைக் கசியாமல் காப்பது, பிஸ்டனைத் திருப்புவது, தேய்மானத்தைச் சரிக்கட்டுவது என்று மூன்று வேலைகளையும் ஒரே ரப்பர் வளையம் பார்க்கிறது. டிஸ்க் பிரேக்கில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். அது காய்ந்து கெட்டியானாலோ, அது அமரும் பள்ளத்தின் அடியில் துரு திரண்டாலோ, பிஸ்டன் திரும்பாது. பேடு எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுடும், மைலேஜ் குறையும்.

இங்கே செயல்படும் விசைகளைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நான் கண்டிப்பாகப் பேசுவதன் காரணம் புரியும். 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். பலமாக பிரேக் அடிக்கையில் குழாயில் 70 பார் அழுத்தம் ஏறினால் அந்தப் பிஸ்டன் ஏறக்குறைய 1.6 டன் விசையுடன் தள்ளுகிறது. வெப்பமும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு சுமார் 1,500 மீட்டர். ஆட்களுடன் 1,200 கிலோ இருக்கும் ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். எஞ்சினும் காற்றும் கணிசமான பங்கை வாங்கிக்கொள்ளும் என்றாலும் மீதி முழுவதும் பிரேக்கில்தான் இறங்கும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி இறங்குபவரின் டிஸ்க் சில நூறு டிகிரிக்குப் போய்விடும். நீங்கள் பூசப்போகும் பெயிண்ட்டும் போடப்போகும் கிரீஸும் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வாழ வேண்டியவை.

நான்கு சக்கரங்கள் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: உங்கள் ஸ்விஃப்ட்டில் பின்பக்கம் டிரம் பிரேக், அதாவது சுழலும் டிரம்மின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும் வகை. அங்கே காலிப்பரே இல்லை. டிரம்மின் வெளிமுகத்தைத் துரு நீக்கிக் கறுப்பு அடித்தால் போதும். பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கைபிரேக் அந்தக் காலிப்பருக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும், நேராக அழுத்தினால் உள்ளிருக்கும் அமைப்பு உடையும். பொத்தானில் இயங்கும் கைபிரேக் என்றால் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது.

இனி ஒரு முடிவு எடுங்கள். பிரேக்கில் ஏர் எடுத்து, அதாவது எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிப் பழக்கம் இல்லாதவர் என்றால் காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுவரும் ரப்பர் குழாயான ஹோஸைக் கழற்றாதீர்கள். காலிப்பரை பிராக்கெட்டிலிருந்து எடுத்து, ஹோஸ் இணைந்தபடியே கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பின்களைச் சுத்தம் செய்து, பிராக்கெட்டைத் தனியே கழற்றித் துரு நீக்கி, இரண்டுக்கும் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டலாம். எண்ணெய் வழியில் கை வைக்காததால் ஆபத்து மிகக் குறைவு. உங்கள் வண்டியின் கோளாறு பின்களில்தான் இருக்கிறது என்று நான் நினைப்பதால் உங்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். பிஸ்டனைக் கழற்றிச் சீல் மாற்றுவது அடுத்த படி. அதற்கு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பொருட்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு இறங்குங்கள். சென்னையில் இருப்பவருக்கு இதில் சிரமமே இல்லை. பிரேக் பாகங்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்டு இன்றும் பாடி என்னும் பகுதியில் இயங்குகிற ஊர் இது. வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் நம்பகமான கடையில் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் காட்டிக் காலிப்பர் கிட் கேளுங்கள். அதில் பிஸ்டன் சீல், டஸ்ட் பூட் (பிஸ்டனுக்குள் தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை), பின்களுக்கான ரப்பர் பூட் உறைகள் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். ஹோஸ் போல்ட்டுக்கான செம்பு வாஷர்கள் புதிதாக வேண்டும். ஒரு முறை நசுங்கியது அடுத்த முறை கசியும். மூடி திறக்காத பிரேக் ஆயில் ஒரு பாட்டில், இரண்டு மூன்று பிரேக் கிளீனர் ஸ்பிரே, கம்பி பிரஷ், எமரி தாள், மாஸ்கிங் டேப், போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச். ரெஞ்ச் சொந்தமாக இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். கைக்கணக்கில் இறுக்குவதைப் பிரேக்கில் நான் ஏற்பதில்லை.

கிரீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகச் செய்த வேலைகள் பலவும் கெடுவது இந்த இடத்தில்தான். பிரேக்கில் உள்ள சீல்களும் பூட் உறைகளும் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர் வகை. அது பிரேக் ஆயிலுக்கு அசையாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆகவே பேரிங் கிரீஸ், எஞ்சின் ஆயில், பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் இந்தப் பாகங்களைத் தொடக்கூடாது. டீசலில் ஊறவைத்துக் கழுவுவது நம் பட்டறைகளில் காலங்காலமாக நடப்பதுதான். பிரேக்கில் மட்டும் வேண்டாம். உப்பிய பூட் பின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் எந்தக் கோளாறைத் தீர்க்க இறங்கினீர்களோ அதே கோளாறு திரும்ப வரும். பின்களுக்கு அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். பிஸ்டனின் டஸ்ட் பூட் அமரும் இடத்துக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ். செம்புத்தூள் கலந்த கிரீஸை ரப்பர் இருக்கும் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வேலையைத் தொடங்கும்போது சமதளமான தரையில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்; மறுபக்கம் கழற்றாமல் இருந்தால் எந்தக் கிளிப் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். பேடின் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே கிழியலாம். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி கட்டி மாட்டுங்கள்.

சீல் மாற்றும் எண்ணம் இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் ஏர் எடுக்கும் நிப்பிள், அதாவது காற்றை வெளியேற்றக் காலிப்பரில் இருக்கும் சிறு திருகு, திரும்புகிறதா என்று பாருங்கள். கடலோர வண்டிகளில் அது துருவில் இறுகி முறிந்துபோவது சாதாரணம், முறிந்தால் காலிப்பரே வீணாகலாம். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அறுமுகச் சாக்கெட்டால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் திருப்புங்கள். ஹோஸ் போல்ட்டையும் காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்கிக்கொண்டால் பிறகு போராட வேண்டியிருக்காது.

கைடு பின்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். சில வண்டிகளில் ஒரு பின்னின் முனையில் ரப்பர் வளையம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எது மேலே எது கீழே என்று குறித்து வையுங்கள். பின்னை மிக மெல்லிய எமரி தாளால் துடைத்தால் மினுமினுப்பு வர வேண்டும். குழிகுழியாக அரித்திருந்தால் புதியது போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. பின் போகும் துளைதான் பலர் விட்டுவிடும் இடம். பழைய கிரீஸ் அடியில் தார் போலக் கட்டியிருக்கும். சோதனைக் குழாய் கழுவும் மெல்லிய பிரஷ்ஷும் கிளீனரும் கொண்டு துளையின் அடிவரை சுத்தம் செய்து உலர விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்களில் இந்தத் துளைகளுக்குள் வண்டல் படிந்திருக்க வாய்ப்புண்டு. உங்கள் கார் அப்படி நின்றிருந்தால் கூடுதல் கவனம் தேவை. கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். துளையை நிரப்பிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மாட்டிய பிறகு ஒற்றை விரலால் தள்ளினால் பின் தடையின்றிப் போய்வர வேண்டும்.

பிஸ்டனைக் கழற்றுவதென்றால் ஹோஸ் இணைந்திருக்கும்போதே கழற்றுவதுதான் நல்லது. பேடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டை வைத்து, உதவியாளரை பெடலை மெல்ல மெல்ல மிதிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் தானாக வெளியே வரும். கம்ப்ரஸர் காற்றால் தள்ளுவது வேகமான வழி, ஆபத்தானதும்கூட. அதே 54 மில்லிமீட்டர் பிஸ்டன் மேல் 8 பார் காற்று பட்டால் சுமார் 180 கிலோ விசையுடன் பாயும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். வேறு வழியே இல்லையென்றால் ஒன்றிரண்டு பாருக்குள் வைத்து, கட்டை வைத்து, கையை எட்ட வைத்துச் செய்யுங்கள்.

ஹோஸைக் கழற்றியதும் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குச்சியை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கொடுத்துப் பெடலை ஓர் அங்குலம் அழுத்தி நிறுத்தினால் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வழி அடைபட்டுச் சொட்டுவது நிற்கும். அந்த நேரம் முழுவதும் பிரேக் விளக்கு எரியும் என்பதால் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். மேலேயுள்ள எண்ணெய்க் கிண்ணம் எந்தக் கட்டத்திலும் வற்றக்கூடாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் அதை எடுக்கப் பல நேரங்களில் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

பழைய சீலை மரக்குச்சியால் நெம்பி எடுங்கள். ஸ்குரூடிரைவர் வைத்தால் பள்ளத்தின் விளிம்பில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே கசியும். பள்ளத்தில் படிந்த துருவையும் பிசினையும் கிளீனர் நனைத்த துணியாலும் மரக்குச்சியாலும் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். பிஸ்டனைக் கழுவித் துடைத்து, சீல் உரசும் பகுதி முழுவதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் குழி ஒன்று இருந்தாலும் புதுப் பிஸ்டன் போடுங்கள். எமரி தாள் தேய்த்துச் சமாளிக்க முயலாதீர்கள்; மேற்பூச்சு போனால் அடுத்த மழைக்குள் அங்கே துரு ஏறிவிடும். புதுச் சீலையும் பிஸ்டனையும் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து, சீலை முறுக்கில்லாமல் அமர்த்தி, பிஸ்டனை நேராகப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்தினால் உள்ளே போய்விட வேண்டும். சாய்ந்து நிற்கும் பிஸ்டனை கிளாம்ப் வைத்து வலுக்கட்டாயமாக ஏற்றக்கூடாது. இதையெல்லாம் பெயிண்ட் காய்ந்த பிறகு செய்யுங்கள். வரிசை குழம்பாமலிருக்கத்தான் இங்கேயே சொன்னேன்.

துரு நீக்குவதில் அவசரம் காட்டினால் பெயிண்ட் ஒரு பருவமழையைத் தாங்காது. ட்ரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் பெரும்பகுதியை எடுத்துவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கம்பித் துணுக்குகள் தெறிக்கும். ரப்பர் எதுவும் இல்லாமல் முழுதாகக் கழற்றிய வார்ப்பிரும்புக் காலிப்பரையும் பிராக்கெட்டையும் சிட்ரிக் அமிலக் கரைசலில், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை கலந்த தண்ணீரில், ஓர் இரவு ஊறவைக்கலாம். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே உலர்த்த வேண்டும். சில நிமிடம் ஈரமாக விட்டாலும் மஞ்சள் துரு படரும். அலுமினியக் காலிப்பருக்கும் பிஸ்டனுக்கும் இந்த வழி ஒத்துவராது. மணல் பீய்ச்சித் துரு நீக்கித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. பார்க்க மிக அழகாக வரும், ஆனால் எண்ணெய் வழிக்குள் ஒரு மணல் சிக்கினால்கூட அது சீலை அறுக்கும். எல்லாத் துளைகளையும் இறுக அடைத்த பிறகே கொடுங்கள். இறுதியாகக் கிளீனரால் கழுவி, அது முற்றிலும் ஆவியான பின்பே மேற்கொண்டு போங்கள். குளோரின் கலந்த கிளீனர் என்றால் ஈரத்துடன் வெல்டிங் தீப்பொறிக்கோ சூட்டுக்கோ பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம், நச்சு வாயு உண்டாகும்.

இப்போது பெயிண்ட். எங்கே அடிப்பது என்பதைவிட எங்கே அடிக்கக்கூடாது என்பது முக்கியம். பிஸ்டன் அமரும் சிலிண்டரிலும், பின் போகும் துளைகளிலும், பூட் உறைகள் அமரும் விளிம்பிலும் பெயிண்ட் படக்கூடாது. பிராக்கெட்டில் பேடின் காதுகள் வழுக்கும் பள்ளங்களில் படக்கூடாது. அங்கே ஒரு படலம் ஏறினாலும் பேடு சிக்கிக்கொள்ளும், மறுபடி உரசல், மறுபடி சூடு. பிராக்கெட் நக்கிளோடு சேரும் முகத்திலும் போல்ட் தலைகள் அழுந்தும் இடங்களிலும் படக்கூடாது. இதன் காரணத்தைப் பலர் உணர்வதில்லை. போல்ட்டின் அடியில் பெயிண்ட் இருந்தால் நீங்கள் சரியான இறுக்கத்தில்தான் இறுக்கியிருப்பீர்கள்; சூடேறும்போது அந்தப் படலம் இளகி நசுங்கும், இறுக்கம் குறையும், போல்ட் தளரும். பிராக்கெட் போல்ட் தளர்ந்தால் என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஹோஸ் வாஷர் அமரும் முகம், நிப்பிளின் துளை, சக்கரம் ஹப்போடு சேரும் முகம் ஆகியவையும் வெறும் உலோகமாகவே இருக்கட்டும். டேப்பும், துளைகளுக்குப் பழைய போல்ட்டுகளும் கொண்டு இவற்றை மறைக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

வீட்டுக் கேட்டுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம்; சூட்டில் நிறம் மாறிப் பொருக்குப் பொருக்காக உதிரும், பிரேக் ஆயில் பட்டால் உரிந்துவிடும். காலிப்பருக்கென்றே விற்கும் அதிவெப்ப பெயிண்ட் வாங்குங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்பிரே, மற்றது கடினமாக்கியைக் கலந்து பிரஷ்ஷால் பூசும் எபாக்ஸி. வீட்டில் செய்பவருக்கு நான் பிரஷ் வகையையே சொல்வேன். வேண்டாத இடத்தில் படாமல் பூசலாம், படலம் தடிமனாக வரும், வார்ப்பின் சொரசொரப்பையும் மூடிவிடும். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள நெருக்கடி. ஸ்பிரே என்றால் மெல்லிய பூச்சு மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் டப்பாவில் எழுதிய இடைவெளி. ஸ்பிரே வகைகள் பல சூட்டில் வெந்த பிறகுதான் தங்கள் முழுப் பலத்தை அடையும். அந்த வேக்காட்டைச் சமையல் ஓவனில் கொடுக்காதீர்கள், புகை உணவில் இறங்கும். ஹேர் டிரையரில் சூடு காட்டி ஓரிரு நாள் நன்றாகக் காயவிட்டு, பிறகு அளவாக ஓட்டினால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு பால்போல் வெளுத்துப் போகும். சென்னைக்குப் பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்.

பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். உறுதியானதுதான். ஆனால் 180 முதல் 200 டிகிரி வரை சுடுவார்கள், அதனால் ரப்பர் ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. படலமும் தடிமன், மறைப்பில் பிழை நேர்ந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. பிரேக் பாகங்களைச் செய்து பழகிய பட்டறை என்றால் மட்டும் கொடுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் என்றால் செராமிக் டிஸ்க் என்று அர்த்தம். நிறம் அங்கே ஒரு தகவல். நம் வண்டிகளில் அப்படி ஒன்றும் இல்லை. சிவப்பு எடுப்பாக இருக்கும், பேடின் கரித்தூள் படிந்து சீக்கிரம் மங்கவும் செய்யும். அடர் சாம்பல் அடித்தால் கழுவாத நாளிலும் கண்ணியமாகத் தெரியும். பிறகு எண்ணெய் கசிந்தால் இரண்டிலுமே பளிச்சென்று தெரியும். துருவின் மேல் ஈரம் தெரியாது. காலிப்பருக்கு நிறம் பூசுவதில் நான் காணும் பெரிய பயன் அதுதான்.

மாட்டும்போது இடது வலது மாறாமல் பாருங்கள். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை முறை மிதித்தாலும் பெடல் கெட்டிப்படாது. செம்பு வாஷர் ஹோஸின் இரு முகங்களிலும் ஒவ்வொன்று. பிராக்கெட் போல்ட், பின் போல்ட், ஹோஸ் போல்ட், சக்கர நட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இறுக்க அளவு வெவ்வேறு. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ளபடி டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். பழைய போல்ட்டில் பூட்டுப்பசை இருந்திருந்தால் சுத்தம் செய்து புதிதாகப் போடுங்கள்.

பிரேக் ஆயில் எது என்பது கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) என்னும் வேதிப்பொருள் வகை. டாட் 5 சிலிக்கோன். பெயர் ஒத்திருக்கிறதே என்று அதை இவற்றோடு கலக்கக்கூடாது. கிளைக்கால் வகை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகிப் பெடல் திடீரென்று பஞ்சாகிப்போவதன் பின்னணி இந்த வித்தியாசம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது, ஹோஸைக் கழற்றுவதென்றால் இப்போது எப்படியும் திறக்கிறீர்கள், முழுவதையும் புதுப்பித்துவிடுங்கள். புதிதாக அடித்த பெயிண்ட் மேலோ காரின் உடல் மேலோ சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுக்க இரண்டு பேர் தேவை. நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, அதன் மறுமுனை பாட்டிலில் உள்ள எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழியை விட்டு மூடிய பிறகே பெடல் மேலே வர வேண்டும். குமிழி நிற்கும்வரை இதைத் தொடருங்கள், நடுநடுவே கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு. முடிவில் எஞ்சினை இயக்கிப் பெடலை அழுத்திப் பிடித்தால் அது மெல்ல மெல்ல இறங்கக்கூடாது. இறங்கினாலோ பஞ்சுபோல் இருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டுங்கள்.

ஹோஸைக் கழற்றாமல் செய்தவரும் வண்டி நகர்வதற்கு முன் பெடலைப் பல முறை மிதிக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகளில் பிரேக்கே பிடிக்காது. இதை மறந்து கேட்டிலோ சுவரிலோ மோதியவர்கள் உண்டு. பிறகு ஆளில்லாத தெருவில் நடக்கும் வேகத்தில் சோதித்துவிட்டு வெளியே போங்கள். புதுப் பேடு போட்டிருந்தால் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக வேகம் குறைப்பதை இடைவெளி விட்டுப் பலமுறை செய்து படிய வையுங்கள். வீடு திரும்பியதும் தொடாமலே சூடு அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இரு முன் டிஸ்க்குகளின் மீதும் காட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் பின்களும் பிஸ்டனும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இடது டிஸ்க் மட்டும் கூடுதலாகச் சுட்டால் ஏதோ ஒன்று இன்னும் உரசுகிறது. மறுபடி கழற்றிப் பாருங்கள். இடது மட்டும் குளிர்ந்திருந்தால் அது இன்னும் பிடிக்கவில்லை. முதல் வாரம் தினமும் காலையில் கிண்ணத்தின் எண்ணெய் மட்டத்தையும், ஹோஸ் போல்ட்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும்வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும்.